எஸ்தர் பார்க்: கொரியாவின் முதற் பெண் வைத்தியர்

ஊரைவிட்டு வெளியேறும் கமக்காரக் குடும்பம் தன் வயலைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. கிணறும் பனையும் மாட்டுப்பட்டியும் அங்கேயே நின்றுவிடும். காணி உறுதியும் அடையாள அட்டையும் ஒரு பையில் வரும். விதைநெல் சில வேளை வரும், பல வேளை வராது. கற்ற தொழில் மட்டும், போகும் இடமெல்லாம் கூடவே வரும்.

இதை நாம் எல்லோரும் அறிவோம். அப்படியிருந்தும் இடப்பெயர்வின்போது முதலில் நின்றுபோவது பிள்ளைகளின் படிப்பே, அதிலும் பெண்பிள்ளைகளின் படிப்பு. "இந்த நிலையில் இனி என்ன படிப்பு, ஒருவன் கையிற் பிடித்துக் கொடுத்தாற் போதும்" என்று பெற்றோர் சொல்வதில் பயமும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. அதைக் குறை சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் கொரிய நாட்டில் ஒரு ஏழைக் குடும்பத்தில் இதே கேள்வி எழுந்தது. அதற்கு அக்குடும்பம் கண்ட விடையைச் சொல்லவே இது எழுதப்படுகிறது.

ஆண் வைத்தியர் பார்க்க முடியாத நோயாளர்

1880 களில் கொரியா மன்னர் ஆட்சிக்கு உட்பட்ட நாடாக இருந்தது. அங்கு நல்ல குடும்பத்துப் பெண்கள் வீட்டின் உட்பகுதியிலேயே வாழ வேண்டும், பிற ஆடவர் அவர்களைக் காணக்கூடாது என்பது வழக்கம். இதனால் கடும் நோயுற்ற பெண்ணைக்கூட ஆண் வைத்தியர் தொட்டுப் பார்க்க இயலாதிருந்தது. பிரசவத்தில் வருத்தம் கண்டாலும், காயம் அழுகினாலும், பெண்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்து துன்பப்பட்டனர்.

அமெரிக்க மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்த பெண்கள் 1869 இல் பெண்களுக்கான வெளிநாட்டு மிஷனரிச் சங்கம் ஒன்றை ஆரம்பித்திருந்தனர். இச்சங்கம் அனுப்பிய கிளாரா சுவெயின் என்ற பெண் வைத்தியர் 1870 இல் வட இந்தியாவின் பரேலி நகரை வந்தடைந்தார். பெண்களுக்குப் பெண்களே வைத்தியம் செய்யவேண்டிய நிலை அங்கும் இருந்தது. கொரியாவிலும் அதே தேவையைக் கண்ட சங்கம் மெற்றா ஹோவார்ட் என்ற பெண் வைத்தியரை அனுப்பியது. அவரது முயற்சியால் 1887 இல் சியோல் நகரில் பெண்களுக்கென்றே ஒரு வைத்தியசாலை உருவானது. மன்னர் அதற்குப் 'போகு யோக்வான்' என்று பெயரிட்டார். பெண்களைக் காத்து மீட்கும் இல்லம் என்பது அதன் கருத்து.

ஆனால் ஈராண்டுகளில் டொக்டர் ஹோவார்ட் உடல்நலம் கெட்டு நாடு திரும்ப வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து வரும் ஒருவரை மட்டும் நம்பியிருக்கும் வைத்தியசாலை, அவர் போனதும் தடுமாறும். அந்த மண்ணிலேயே ஒரு பெண் வைத்தியர் உருவானாலன்றி இக்குறை தீராது என்பது அப்போதே தெளிவாயிற்று.

அடுப்பைக் கண்டு பயந்த சிறுமி

அந்தப் பெண் சியோலிலேயே வளர்ந்துகொண்டிருந்தாள். கிம் ஜோம்-டொங் என்பது அவள் பெயர். 1877 இல் பிறந்தவள். பெண்பிள்ளைகள் பலர் பிறந்த ஏழைக் குடும்பம். அவளது தகப்பனார் அப்பன்செல்லர் என்ற மெதடிஸ்த மிஷனரியிடம் வேலை செய்துவந்தார். அதனால் மேரி ஸ்கிரான்ரன் அம்மையார் 1886 இல் ஆரம்பித்த பெண்கள் பாடசாலையில் மகளைச் சேர்க்க வாய்ப்புக் கிடைத்தது. 'இவா' என்று பின்னர் பெயர்பெற்ற அப்பாடசாலை இன்று பெரும் பெண்கள் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அன்றோ அங்கு பிள்ளைகளை அனுப்பவே மக்கள் அஞ்சினர். வெள்ளைக்காரர் பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவர் என்றெல்லாம் கதைகள் உலாவின.

ஜோம்-டொங்கும் பயந்துதான் போனாள். குளிர்காலம் ஆகையால் ஸ்கிரான்ரன் அம்மையார் அவளை இரும்புக் கணப்பு அடுப்புக்கு அருகே வரும்படி அழைத்தார். அத்தகைய அடுப்பை அவள் முன்பு கண்டதில்லை. தன்னைப் பிடித்து நெருப்பில் போடப் போகிறார் என்று நடுங்கினாளாம். இதைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். பயம் தெளிந்ததும் படிப்பில் அவள் முன்னுக்கு வந்தாள். ஆங்கிலம் அவளுக்கு விரைவிற் பிடிபட்டது.

பிளந்த உதடு

1890 இல் ரொசெற்றா ஷேர்வூட் என்ற இளம் பெண் வைத்தியர் போகு யோக்வானுக்கு வந்து சேர்ந்தார். அவருக்குக் கொரிய மொழி தெரியாது. நோயாளர் சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்ல ஜோம்-டொங் நியமிக்கப்பட்டாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயதளவு.

ஆரம்பத்தில் அவளுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. குறிப்பாகக் கத்தியும் இரத்தமுமான சத்திரசிகிச்சையைக் கண்டால் ஒதுங்கிப் போவாள். ஒருநாள் மேலுதடு பிளந்து பிறந்த ஒரு நோயாளிக்கு டொக்டர் ரொசெற்றா சத்திரசிகிச்சை செய்தார். பிளவைத் தைத்து மூடியதும், முகத்தை மறைத்துத் திரியவேண்டியிருந்த ஒருவருக்குப் புது முகம் கிடைத்தது. பக்கத்தில் நின்று பார்த்த ஜோம்-டொங்கின் மனதில் அன்று ஒரு முடிவு பிறந்தது. தானும் ஒரு வைத்தியராக வேண்டும் என்பதே அது.

1891 இல் அவர் ஞானஸ்நானம் பெற்று எஸ்தர் என்ற பெயரைப் பெற்றார். டொக்டர் ரொசெற்றா சில மாணவியரைச் சேர்த்து உடலமைப்பும் மருந்துவகையும் கற்பிக்கத் தொடங்கியபோது எஸ்தரும் அவ்வகுப்பில் இருந்தார்.

கலியாணக் கேள்வி

எஸ்தருக்குப் பதினாறு வயதானபோது கலியாணப் பேச்சு எழுந்தது. அக்காலக் கொரியாவில் பெண்கள் அதற்கு முன்பே மணமுடிக்கப்பட்டுவிடுவர். மணமாகாத வளர்ந்த பெண்ணை ஊரார் கண்ணியமாகப் பார்ப்பதில்லை. படிப்பைத் தொடர விரும்பும் பெண்ணுக்கு இது பெரும் நெருக்கடி. கணவன் வீட்டுக்குப் போனால் வைத்தியக் கனவு அத்தோடு முடிந்துவிடும்.

அப்போது டொக்டர் ரொசெற்றா, தம்மைப்போல் மிஷனரி வைத்தியரான வில்லியம் ஜேம்ஸ் ஹோல் என்பவரை மணந்திருந்தார். டொக்டர் ஹோலிடம் உதவியாளராக வேலை செய்துவந்த பார்க் யூ-சான் என்ற கிறிஸ்தவ இளைஞரை எஸ்தருக்குப் பேசினார்கள். அவர் எளிய நிலையில் உள்ளவர், எஸ்தரைவிட வயதில் மூத்தவர். செல்வமோ குலமோ தனக்குப் பெரிதல்ல, கடவுளை நேசிப்பவராக இருக்கவேண்டும் என்பதே எஸ்தரின் எண்ணமாக இருந்தது. 1893 மே மாதம் திருமணம் நடந்தது. மேல்நாட்டு வழக்கப்படி கணவரின் குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டு அவர் எஸ்தர் பார்க் ஆனார்.

கலியாணம் படிப்புக்கு முடிவு கட்டும் என்பதே பொதுவான அனுபவம். எஸ்தரின் வாழ்வில் கலியாணமே படிப்புக்கு வழி திறந்தது. அதற்குக் காரணம் பார்க் யூ-சான் என்ற மனிதரே.

யுத்தமும் கடற்பயணமும்

1894 இல் ஹோல் தம்பதியர் வடக்கே பியொங்யாங் நகரில் பணி தொடங்கச் சென்றபோது எஸ்தரும் கணவரும் உடன் சென்றனர். அங்கு கிறிஸ்தவர்களுக்கு எதிர்ப்பு வலுத்திருந்தது. அவ்வருடமே சீனாவுக்கும் யப்பானுக்கும் இடையில் யுத்தம் மூண்டது. இரு நாட்டுப் படைகளும் கொரிய மண்ணிலே மோதின. செப்டெம்பரில் பியொங்யாங் போர்க்களமாயிற்று. தமக்குச் சம்பந்தமில்லாத சண்டைக்காக அந்நகர மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினர்.

சண்டை ஓய்ந்ததும் டொக்டர் ஹோல் அங்கு திரும்பிச் சென்று நோயுற்றோருக்கு வைத்தியம் செய்தார். யுத்தத்தின் பின்னே பரவிய தொற்றுக் காய்ச்சல் அவரையும் பற்றிக்கொண்டது. 1894 நவம்பர் 24 ஆம் திகதி அவர் சியோலில் காலமானார். கைக்குழந்தையோடும் வயிற்றில் மற்றொரு பிள்ளையோடும் விதவையான டொக்டர் ரொசெற்றா அமெரிக்காவிலுள்ள தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். தன்னையும் அழைத்துச் செல்லும்படி எஸ்தர் வேண்டினார். எஸ்தரும் கணவரும் அவருடன் கப்பலேறினர்.

கணவர் பண்ணையில், மனைவி வகுப்பில்

1895 ஆரம்பத்தில் அவர்கள் நியூயோர்க் மாநிலத்தின் லிபேர்ட்டி என்ற சிற்றூரை அடைந்தனர். டொக்டர் ரொசெற்றாவின் பெற்றோர் அங்கு விவசாயம் செய்துவந்தனர். எஸ்தர் அவ்வூர்ப் பாடசாலையிற் சேர்ந்தார். பார்க் யூ-சான் பண்ணையில் வேலைக்கு இறங்கினார். மொழி தெரியாது, குளிர் பழக்கமில்லை, சொந்தமென்று சொல்ல ஒரு முழ நிலமில்லை. பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்பது என்னவென்று இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

பின்னர் எஸ்தர் நியூயோர்க் நகரில் குழந்தைகளுக்கான ஒரு வைத்தியசாலையில் வேலை செய்து தன் செலவுக்குத் தேடிக்கொண்டார். மருத்துவக் கல்லூரிக்குத் தேவையான லத்தீன், பௌதிகம், கணிதம் ஆகியவற்றை ஓய்வு நேரத்தில் படித்தார். 1896 ஒக்டோபரில் பால்ரிமோர் நகரப் பெண்கள் மருத்துவக் கல்லூரி அவரை மாணவியாக ஏற்றுக்கொண்டது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

கணவரும் பால்ரிமோருக்கு வந்து ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 'நான் ஆண்பிள்ளை, நான் படிக்கிறேன், நீ வேலைக்குப் போ' என்று சொல்லியிருந்தால் அக்காலத்தில் எவரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. குடும்பத்தில் யாருடைய படிப்பு ஊருக்குப் பயன்படும் என்று பார்த்து, அதற்குத் தன் தோளைக் கொடுத்தார்.

1897 இல் டொக்டர் ரொசெற்றா கொரியாவுக்குத் திரும்பிவிட்டார். எஸ்தரும் கணவரும் அந்நிய நாட்டில் தனித்துத் தொடர்ந்து போராடினர்.

மூன்று வாரம்

உழைப்பும் குளிரும் பார்க் யூ-சானின் உடலைத் தேய்த்தன. அவரைக் காசநோய் பிடித்தது. எங்கள் முதியோர் சயரோகம் என்று சொல்லும் நோய் இதுவே. எஸ்தர் படித்துக்கொண்டே கணவருக்குப் பணிவிடை செய்தார். இந்நோயை உண்டாக்கும் கிருமியை ஜேர்மனிய வைத்தியர் கோக் 1882 இலேயே கண்டுபிடித்திருந்தார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து உலகில் எங்கும் இருக்கவில்லை. ஓய்வு, நல்ல உணவு, காற்று என்பவற்றைத்தான் வைத்தியர்கள் சொல்ல முடிந்தது.

1900 ஏப்ரல் 28 ஆம் திகதி பார்க் யூ-சான் காலமானார். மனைவி வைத்தியராகப் பட்டம் பெறுவதற்கு மூன்று வாரங்கூட இருக்கவில்லை. எந்தக் காட்சிக்காக அவர் நான்கு வருடம் பிறர் கடையில் உழைத்தாரோ, அந்தக் காட்சியை அவர் காணவில்லை. பால்ரிமோரில் அவரை அடக்கம் செய்துவிட்டு எஸ்தர் பட்டத்தைப் பெற்றுக்கொண்டார். மேல்நாட்டு வைத்தியத்தில் பட்டம் பெற்ற முதற் கொரியப் பெண் அவரே.

பத்து ஆண்டுப் பணி

அமெரிக்காவில் தங்கியிருந்தால் அவர் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவ்வருடமே அவர் கொரியாவுக்குத் திரும்பினார். சிறுமியாக மொழிபெயர்த்து நின்ற அதே போகு யோக்வானில் இப்போது வைத்தியராகப் பணி தொடங்கினார். முதற் பத்து மாதங்களில் 3,000 பேருக்கு மேல் வைத்தியம் செய்தார் என்று சொல்லப்படுகிறது. நோயாளர் சொல்வதை இனி யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வெட்கத்தினால் அந்நியரிடம் சொல்லாமல் மறைத்த நோய்களைக் கொரியப் பெண்கள் தம் பெண்ணிடம் மனந்திறந்து சொன்னார்கள். வெளிநாட்டு வைத்தியருக்கும் உள்நாட்டு வைத்தியருக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

சில வருடங்களின் பின் பியொங்யாங் சென்று, டொக்டர் ரொசெற்றா நடத்திய பெண்கள் வைத்தியசாலையில் அவருடன் இணைந்து பணிசெய்தார். நோயாளர் நகருக்கு வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. வடபகுதிக் கிராமங்களுக்குத் தாமே சென்றார். பனிக்காலத்தில் கழுதை இழுக்கும் சறுக்கு வண்டியிற் போனார். வாந்திபேதி பரவிய இடங்களுக்கும் போனார். நீரைக் கொதிக்கவைத்துக் குடித்தல், கை கழுவுதல், நோயாளியின் துணியை வேறாகத் துவைத்தல் போன்றவற்றைப் பெண்களுக்குக் கற்பித்தார். பேய் பிடித்தது என்று நோயாளியை அடிப்பதும், காயத்தில் அழுக்கை அப்புவதும் வேண்டாம் என்று எடுத்துச் சொன்னார். வேதாகமமும் போதித்தார். மெதடிஸ்த சபையில் அவருக்கு வைத்தியமும் ஊழியமும் இரண்டாக இருக்கவில்லை.

1909 இல் சியோலில் வெளிநாட்டில் கல்வி கற்றுத் திரும்பிய பெண்களைப் பாராட்ட ஒரு விழா எடுக்கப்பட்டது. கௌரவிக்கப்பட்ட மூவரில் எஸ்தரும் ஒருவர். ஆனால் அப்போது அவரது உடல் தளர்ந்திருந்தது. கணவரைக் கொண்டுபோன காசநோயே அவரையும் பற்றியிருந்தது. 1910 ஏப்ரல் 13 ஆம் திகதி அவர் மறைந்தார். வயது முப்பத்து மூன்றளவு. அவரது சகோதரி ஒருவர் அதே வருடம் சியோலில் தாதியர் பயிற்சியை முடித்து வெளியேறினார். ஒரு வீட்டில் ஒரு பெண் படித்தால் அடுத்தவளுக்கும் வழி திறக்கும் என்பதற்கு இது சாட்சி.

அவர் விட்டுச் சென்றவை

டொக்டர் ரொசெற்றாவின் மகன் ஷேர்வூட் எஸ்தரின் மடியில் வளர்ந்த பிள்ளை. எஸ்தரின் மரணம் அச்சிறுவனின் மனதை ஆழமாகத் தாக்கியது. காசநோயை எதிர்க்கும் வைத்தியராவேன் என்று அவர் உறுதிகொண்டார். அவ்வாறே மருத்துவம் கற்றுக் கொரியாவுக்குத் திரும்பி, 1928 இல் ஹேஜூ என்ற இடத்தில் காசநோயாளருக்கான சுகநிலையத்தை ஆரம்பித்தார். அதன் செலவுக்காக 1932 இல் கிறிஸ்மஸ் முத்திரைகளை அச்சிட்டு விற்கும் முறையைக் கொரியாவில் தொடங்கினார். சிறிய காசு கொடுத்து ஏழைகளும் அப்பணியில் பங்குகொள்ள அது வழிசெய்தது. 1940 இல் யப்பானிய ஆட்சியாளர் அவரை வெளியேற்றினர். அப்போதும் அவர் ஓயவில்லை. இந்தியாவில் அஜ்மீருக்கு அருகேயுள்ள மதார் காசநோய் வைத்தியசாலையில் 1963 வரை பணிசெய்தார்.

டொக்டர் ரொசெற்றா 1928 இல் சியோலில் கொரியப் பெண்களுக்கான மருத்துவப் பயிற்சி நிலையத்தை ஏனையோருடன் சேர்ந்து தொடங்கினார். எஸ்தரைப்போல் கடல் கடந்து போகாமல், சொந்த நாட்டிலேயே பெண்கள் வைத்தியராக வழி பிறந்தது.

காசநோய்: அன்றும் இன்றும்

எஸ்தரும் கணவரும் இன்று வாழ்ந்திருந்தால் காசநோயால் இறந்திருக்க வேண்டியதில்லை. 1943 இல் முதலாவது மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. இன்று, சாதாரணமான காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்துகளும் அடுத்த நான்கு மாதம் இரண்டு வகையும் கொடுக்கப்படும். எமது நாட்டில் அரச மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் இது இலவசம்.

இந்நோய் பரம்பரையாக வருவதன்று, சாபமுமன்று. நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போது கிருமி காற்றிற் கலக்கிறது. அதே காற்றை நெடுநேரம் சுவாசிப்பவருக்குத் தொற்றுகிறது. காற்றோட்டமில்லாத சிறிய கொட்டிலில் பலர் நெருங்கிப் படுக்கும் வாழ்க்கையில் இது இலகுவாகப் பரவும். தொற்றிய கிருமி வருடக்கணக்காக உடலில் உறங்கிக் கிடந்து, ஊட்டம் குறைந்து உடல் தளரும்போது நோயாகத் தலைதூக்கும். பட்டினியும் ஓயாத உழைப்பும் அதற்கு வாய்ப்பாகும்.

ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், மாலையில் காய்ச்சல் வந்தால், இரவில் வியர்த்தால், உடல் மெலிந்தால், சளியில் இரத்தம் கண்டால், தாமதியாது சளியைப் பரிசோதிக்க வேண்டும். மருந்து தொடங்கிச் சில வாரங்களில் இருமல் குறையும், உடம்பு தேறும். அப்போது சுகம் வந்துவிட்டது என்று மருந்தை நிறுத்துவதே பெரிய தவறு. எஞ்சிய கிருமி மருந்துக்கு மசியாத கிருமியாக மாறலாம். பிறகு நீண்டகாலம் கடும் மருந்து எடுக்கவேண்டி வரும். மருந்து எடுக்கும் காலத்தில் இடம் மாற நேர்ந்தால், காணி உறுதி வைத்திருக்கும் பையிலேயே சிகிச்சை அட்டையையும் வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த இடத்திலுள்ள வைத்தியசாலையில் அதைக் காட்டி மருந்தைத் தொடருங்கள்.

எமது வீட்டிலும் ஓர் எஸ்தர்

எஸ்தர் பார்க்கின் கதையை ஒரு மேதையின் கதையாக மட்டும் வாசித்தால் அதன் பயனை இழந்துவிடுவோம். அதில் பலருடைய கை இருக்கிறது. ஊர்ப்பேச்சைக் கேளாமல் மகளைப் பாடசாலையில் விட்ட தகப்பன் இருக்கிறார். தன் கலையை ஒளிக்காமற் கற்பித்த ஓர் அந்நிய நாட்டுப் பெண் இருக்கிறார். பிறர் நிலத்திலும் பிறர் கடையிலும் உழைத்து மனைவியைப் படிக்கவைத்த கணவர் இருக்கிறார். இம்மூவரில் ஒருவர் பின்வாங்கியிருந்தாலும் கொரியப் பெண்கள் இன்னும் பல ஆண்டுகள் காத்திருந்திருப்பார்கள்.

இடையில் நின்ற படிப்பை மீண்டும் தொடங்க விரும்பும் ஒரு பெண்பிள்ளை எமது வீட்டிலும் இருக்கலாம். தாதியாகவோ, குடும்பநல மருத்துவ மாதுவாகவோ, ஆசிரியையாகவோ வர அவள் ஆசைப்படலாம். அதைச் சொல்ல அவள் தயங்கிக்கொண்டிருக்கலாம். இன்றிரவு சாப்பிட்டு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.